ராஜாஜியின் கறுப்புக் கண்ணாடி

ராஜாஜியை வரைவதில் பெரிய சிக்கல் அவருடைய கறுப்புக் கண்ணாடி. முகப்படம் வரைகிறவன் கண்ணில்தான் உயிரை வைப்பான். கருவிழி ஓரத்தில் ஒரு பொட்டு வெள்ளை விழுந்ததும், அதுவரை துணியில் கிடந்த ஆள் நம்மைப் பார்க்கத் தொடங்குவார். பிற்கால ராஜாஜியின் புகைப்படங்களில் அந்த இடத்தில் இருட்டுத்தான் இருக்கிறது. அவரைப் பிடித்தவர்களுக்கு அது முனிவரின் அமைதி. பிடிக்காதவர்களுக்கு அது சூழ்ச்சிக்காரரின் திரை. வரைகிறவன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தக் கண்ணாடி இடம் கொடுத்துவிடும்.

நான் படம் வரையக் கற்றுக்கொண்டது வடபழனிப் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு பழைய பேனர் ஷெட்டில். மாஸ்டர் சின்ன வயதிலேயே சினிமா பேனர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தவர். துணியை இழுத்து அடித்து, வஜ்ரம் காய்ச்சி, எழுத்து எழுதி, கடைசியில் முகம் போடும் இடத்துக்கு வந்தார். அந்தத் தொழிலில் உச்சம் அதுதான். உடம்பையும் உடையையும் பின்னணியையும் மற்றவர்கள் நிரப்பலாம். முகத்தை மாஸ்டர் மட்டும்தான் தொடுவார். அறுபது, எண்பது அடிக் கட்-அவுட்டுகள் மவுண்ட் ரோட்டில் நின்ற காலம் அது. ஃப்ளெக்ஸ் அச்சு வந்தது. சில வருடங்களுக்குள் அந்த வேலை போய்விட்டது. நான் சேர்ந்தபோது ஷெட்டில் மிஞ்சியிருந்தது ஆயில் பெயின்ட்டிங் ஆர்டர்கள்தான். படத்திறப்புக்கு, பள்ளிக்கூட ஹாலுக்கு, கட்சி அலுவலகத்துக்கு, தொழிற்சங்கத்துக்கு, நூலகத்துக்கு என்று வருவார்கள். வாழ்நாள் முழுக்க ஒருவரை ஒருவர் எதிர்த்த தலைவர்கள் எங்கள் ஷெட்டில் ஒரே சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருப்பார்கள்.

சர்ச்சைக்குரிய ஒருவரை எப்படி வரைவது என்று மாஸ்டர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பெயின்ட் கலக்கும்போதும், டீ குடிக்கும்போதும், ஆர்டர் கொடுக்க வந்தவரோடு மல்லுக்கு நிற்கும்போதும் அவர் சொன்னதைத்தான் நான் பாடமாக வைத்திருக்கிறேன்.

முதலில் நிறம். சினிமா பேனரில் வில்லன் முகத்தில் பச்சையும் நீலமும் ஏறும். கதாநாயகன் கன்னத்தில் ரோஸ் ஏறும். பஸ்ஸில் போகிறவனுக்கும் யார் யார் என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். அந்தக் கைப்பழக்கம் ஷெட்டில் எல்லாருக்கும் இருந்தது. தலைவர் படம் வந்தால் மாஸ்டர் முதல் வேலையாகப் பச்சை டியூபை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடுவார்.

"சினிமாவுல கதை எழுதினவன் சொல்லிட்டான், இவன்தான் வில்லன்னு. நாம பச்சை அடிச்சோம். இவங்களுக்கு யாருடா கதை எழுதினது?" என்பார்.

அடுத்தது தலைகீழ்ப் பயிற்சி. ஊருக்கே தெரிந்த தலைவரின் புகைப்படத்தைத் தலைகீழாக மாட்டி, கட்டம் போட்டு, கரியால் வரையச் சொல்வார். அப்படிப் பார்க்கும்போது அவர் யார் என்ற நினைப்பு மெல்லப் போய்விடும். மூக்கின் நிழல் எங்கே முடிகிறது, மேலுதட்டின் இருட்டு எவ்வளவு அகலம், ஒரு காது இன்னொன்றைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும். நமக்குப் பிடித்தவரின் நெற்றியைக் கொஞ்சம் அகலமாக்கவும், பிடிக்காதவரின் கண்ணைக் கொஞ்சம் சின்னதாக்கவும் கை தானாகவே போகும். தலைகீழாக நிற்கும் முகத்தில் அந்தக் கைக்கு வழி தெரியாது. கரி வேலை முடிந்ததும் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து முதல் பூச்சு. அதில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். அது காய்ந்த பிறகே யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, வெள்ளை. யார் படமாக இருந்தாலும் இடது மேல்பக்கத்திலிருந்து ஒரே வெளிச்சம். இந்த ஒழுங்கை மாஸ்டர் யாருக்காகவும் மாற்றியதில்லை.

ராஜாஜியும் பெரியாரும் ஒரே ஆர்டரில் வந்தார்கள். வெளியூர் வாசகசாலை ஒன்றின் புதுக் கட்டடத்துக்கு இரண்டு பேரின் படமும் வேண்டும் என்றார்கள். கமிட்டியில் இரண்டு அணி. எந்தப் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதிலேயே தகராறு. ஒருவர் தனியாகப் போன் செய்து, ராஜாஜி முகத்தில் கொஞ்சம் கள்ளத்தனம் தெரிந்தால் நல்லது என்றார். இன்னொருவர், பெரியாரைப் பார்த்தால் குழந்தைகள் பயப்பட வேண்டும் என்றார். மூன்றாவது ஆள் வந்து, கறுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சிரித்த முகமாகப் போடச் சொன்னார். மாஸ்டர் மூவரிடமும் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு, "கன்னிமாரா லைப்ரரிக்குப் போ. ரெண்டு பேரையும் படி. படிக்காம பிரஷ்ஷைத் தொடாதே" என்றார்.

எனக்குக் குழப்பம். இவ்வளவு நாள் யாரென்று மறந்துவிட்டு வரை என்று சொன்னவர், இப்போது முழுக்கத் தெரிந்துகொண்டு வரச் சொல்கிறார். கேட்டேன். "கைக்குத் தெரியக் கூடாதுடா. உனக்குத் தெரியணும்" என்றார்.

படித்தேன். படிக்கப் படிக்க ராஜாஜி ஒருவராக நிற்கவில்லை. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, அதை எதிர்த்த பெரியாரைச் சிறையில் வைத்த அரசின் தலைவர். 1939-இல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தவர். 1953-இல் அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்று கல்வித் திட்டம் போட்டு, அது குலக்கல்வி என்று எதிர்ப்பு எழ, அடுத்த ஆண்டு முதலமைச்சர் பதவியை விட்டுப் போனவர். பிறகு சுதந்திராக் கட்சி. இந்தியைக் கட்டாயமாக்கிய அதே மனிதர் அறுபதுகளில் இந்தி ஒன்றே ஆட்சிமொழி என்பதை எதிர்த்து, 1967 தேர்தலில் தி.மு.க.வோடு நின்றார். இதில் எந்த ராஜாஜியை வரைவது என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"எல்லாம் அந்த ஒரு முகத்துலதானே நடந்திருக்கு. முகத்தைப் போடு" என்றார்.

பெரியாரிடம் சிக்கல் வேறு மாதிரி. அந்த வெள்ளைத் தாடி வரைகிறவனை ஏமாற்றும். இரண்டு இழுப்பில் ஞானியாக்கிவிடலாம். புருவத்தை நெரித்தால் ருத்ரமூர்த்தியாகிவிடுவார். இரண்டுமே அவர் வாழ்நாள் முழுக்க மறுத்த விஷயங்கள். 1953-இல் பிள்ளையார் சிலையைப் பொது இடத்தில் உடைத்தவரைச் சாமிப் படம்போல் வரைவதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை என்று நான் நினைக்கிறேன். மாஸ்டர் என்னிடம் ஈரோட்டை ஞாபகப்படுத்தினார். வசதியான வியாபாரக் குடும்பம், மண்டி, நகராட்சித் தலைவர் பதவி. "வியாபாரி கண்ணுடா அது. எதிர்ல இருக்கிறவன் சொல்றதை எடை போட்டுக்கிட்டே கேக்கும்." அதன் பிறகு அவருடைய புகைப்படங்களில் எனக்குக் கோபம் தெரியவில்லை, கவனம் தெரிந்தது. படத்தில் அதைத்தான் கொண்டுவர முயன்றோம்.

ஷெட்டில் ஒரு பழைய பத்திரிகைப் பக்கம் ஒட்டியிருந்தது. 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி இறந்தார். அவருடைய தகனத்துக்குப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுத படம். பெரியாருக்கு அப்போது தொண்ணூற்று மூன்று வயது. ஏறக்குறைய ஓராண்டில், 1973 டிசம்பர் 24-இல், அவரும் போனார். காங்கிரசில் ஒன்றாக இருந்த நாளிலிருந்து இருவரும் நண்பர்கள். 1925-இல் பாதை பிரிந்தது. அதன்பின் கொள்கையில் ஓர் அங்குலம்கூட இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நட்பையும் விடவில்லை. மாஸ்டர் அந்தப் பக்கத்தைக் கழற்றி இரண்டு ஈஸலுக்கும் நடுவில் மாட்டினார். அவர்கள் ஒருவரை ஒருவர் வெறுத்ததைவிட அதிகமாக அவர்களை நாம் வெறுக்கிறோம் என்பதை அந்தப் படம் எனக்குக் காட்டியது.

கண்ணாடிக்கு வருகிறேன். டியூபிலிருந்து பிதுக்கிய கறுப்பை அதில் வைத்தால் முகத்தில் இரண்டு ஓட்டை விழும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்து, லின்சீட் எண்ணெயில் மெல்லியதாக்கி, அடியில் ஏற்கனவே வரைந்து காயவைத்த கண்ணின் மேல் அடுக்கடுக்காகப் பூசினோம். அருகில் வந்து பார்த்தால் இமை தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடிதான். அந்த இருட்டுக்குப் பின்னால் ஒரு கண் இருக்கிறது என்பது மட்டும் படத்தில் உறுதி. அது என்ன நினைக்கிறது என்பதைப் பார்க்கிறவர் முடிவு செய்துகொள்ளட்டும். உதட்டுக்குத்தான் மாஸ்டர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணை மறைத்த மனிதர் உதட்டில் அகப்பட்டுக்கொள்வார் என்பது அவர் கணக்கு.

இரண்டு படமும் ஒரே அளவு. இரண்டு பேரின் கண்மட்டமும் தரையிலிருந்து ஒரே உயரம். கமிட்டியில் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் மாட்டினார்கள். 1954-இல் சர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாளுக்கு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பரிசாக கிரஹாம் சதர்லேண்ட் வரைந்த படத்தை அந்தக் குடும்பமே பின்னால் அழித்துவிட்டது. முதுமையை உள்ளபடி வரைந்ததுதான் அவர் செய்த குற்றம். அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எங்கள் கமிட்டிக்காரர்களை நான் மரியாதையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

மனிதரை வரைவதில் இவ்வளவு என்றால், கருத்தை வரைவதில் இன்னும் ஆபத்து. 2011 ஜூனில் எம்.எஃப். உசேன் லண்டனில் இறந்த செய்தி வந்த அன்று மாஸ்டர் வேலை செய்யவில்லை. மாஸ்டர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்; வடபழனி முருகனைக் கும்பிடாமல் ஷெட்டைத் திறக்க மாட்டார். உசேன் வரைந்த சரசுவதி அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைத்ததும் இல்லை. எழுபதுகளில் வரைந்த அந்த ஓவியத்துக்கு 1996-இல் எதிர்ப்புக் கிளம்பியது, வழக்குகள் குவிந்தன, 1998-இல் அவருடைய மும்பை வீட்டில் புகுந்து தாக்கினார்கள். 2006-இல் நாட்டைவிட்டுப் போனவர் கத்தார் குடிமகனாகவே இறந்தார். "பம்பாய்ல சினிமா பேனர் எழுதிப் பொழைச்ச மனுஷன்டா. நம்ம ஷெட்டு ஆளு. எனக்குப் பிடிக்கலைன்னா நான் பாக்காமப் போறேன். அவரை ஏன் ஊரை விட்டு அனுப்பணும்?" என்றார் மாஸ்டர். தனக்குப் பிடிக்காத ஓவியத்துக்காக ஒருவர் துக்கப்பட முடியும் என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். தொழிலில் எனக்குக் கிடைத்தவற்றில் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

முகமே தெரியாதவரை வரைய வேண்டி வந்தால்? வேணுகோபால் சர்மாவின் திருவள்ளுவர் படத்தை மாஸ்டர் அதற்கு உதாரணம் காட்டுவார். வள்ளுவரை எல்லாச் சமயமும் சொந்தம் கொண்டாடியிருக்கிறது. ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் காலத்துச் சென்னை நாணயச்சாலைத் தங்கக் காசில் அவர் குடையின் கீழ் அமர்ந்த சமண முனிவரைப்போல இருக்கிறார். பழைய பதிப்புகளில் சைவக் கோலத்தில் வருவார். சர்மா திருநீறும் வைக்கவில்லை, வேறு சின்னமும் வைக்கவில்லை. வெள்ளாடை, தாடி, ஏடு, எழுத்தாணி. 1964-இல் சட்டமன்றத்தில் அந்தப் படம் திறக்கப்பட்டது. இன்று நாம் வள்ளுவர் என்றால் மனதில் எழுவது அந்த முகம்தான். 2019-இல் காவி உடுத்தி, திருநீறு பூசிய வள்ளுவர் படம் ஒன்று பரவி அத்தனை பெரிய வாக்குவாதம் நடந்தபோது, சர்மா எதை விட்டார் என்பதன் கனம் எல்லாருக்கும் தெரிந்தது. சின்னம் எதுவும் வேண்டாம் என்று விட்டதும் ஒரு கருத்துதான், அதுவும் ஒரு நிலைப்பாடுதான் என்று நான் மாஸ்டரிடம் வாதிட்டிருக்கிறேன். அவர் ஒப்புக்கொண்டார்: "ஆமாம். ஆனா அந்தாள் குறளைப் படிச்சுட்டு எடுத்த முடிவு."

நானும் மாஸ்டரும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அது எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் நீல் சிலை. 1857 கிளர்ச்சியின்போது மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படையுடன் வடக்கே போன தளபதி அவர். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் பழிவாங்கியது ஆங்கிலேயர்களில் சிலருக்கே பொறுக்கவில்லை. கான்பூரில் பிடிபட்டவர்களைத் தூக்கிலிடும் முன் இரத்தம் உறைந்த தரையைச் சுத்தம் செய்ய வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் கொல்லப்பட்டார். மாத்யூ நோபிள் செய்த அவருடைய வெண்கலச் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927-இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்து தொண்டர்கள் சிறை போனார்கள். கடைசியில் 1937-இல், ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகு, சிலை இறங்கியது.

நாங்கள் அதைப் பார்க்கப் போனபோது, மாஸ்டர் சிலையின் சட்டை மடிப்பையும் முகத் தசையையும் வெகுநேரம் பார்த்தார். "வேலைக்காரன்டா" என்றார் சிற்பியைப் பற்றி. உண்மைதான். பச்சையும் அடிக்கவில்லை, ரோஸும் அடிக்கவில்லை. நேராக ஒரு சிப்பாயைச் செய்திருக்கிறார்.

"தூக்குல தொங்கினவங்க எங்க மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அது சிலைக்கு ஆர்டர் குடுத்தவங்க பொறுப்பு" என்றார்.

எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. முகத்தைக் கோணாமல் வரைந்துவிட்டால் வரைகிறவனின் கடமை முடிந்துவிடுகிறது என்றால், நோபிள் தன் கடமையைச் செய்துவிட்டார். பீடத்தில் ஏற்றி, ஊரின் பெரிய சாலையில் நிறுத்தி, அந்த மனிதரால் செத்தவர்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிய பிறகு, முகத்தில் மட்டும் நேர்மை இருந்து என்ன பயன்? எந்த அளவு, எந்த உயரம், யார் கூட நிற்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் தீர்ப்புதான். நிறத்தால் தீர்ப்புச் சொல்லாதே என்ற மாஸ்டரின் விதியை நான் முழுசாக ஏற்கிறேன். தீர்ப்பே சொல்லாமல் ஒரு படம் இருக்க முடியும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கன்னிமாராவில் ஓவியப் புத்தகங்களைப் புரட்டியபோது மார்கஸ் ஹார்வியின் 'மைரா' கண்ணில் பட்டது. மைரா ஹிண்ட்லி அறுபதுகளில் இங்கிலாந்தில் குழந்தைகளைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவள். போலீஸ் எடுத்த அவள் முகத்தை 1995-இல் ஹார்வி கறுப்பு வெள்ளையில் பத்தடிக்குமேல் பெரிதாக்கினார். அருகில் போனால் முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழந்தையின் கைப்பதிவு. 1997-இல் லண்டன் ராயல் அகாடமியில் அதை வைத்தபோது முதல் நாளே மையும் முட்டையும் வீசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாசலில் நின்று எதிர்த்தார். அந்தத் தாயின் வலிக்கு முன்னால் ஓவியரின் உரிமையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ஓவியமாகப் பார்த்தால், நோபிள் வெளியே விட்டதை ஹார்வி உள்ளே கொண்டுவந்திருக்கிறார். அவளை அரக்கியாக்கவில்லை; போலீஸ் புகைப்படத்தில் இருந்த முகம் அப்படியே இருக்கிறது. கொல்லப்பட்டவர்களை நினைக்காமல் அந்த முகத்தைப் பார்க்க முடியாதபடி செய்துவிட்டார்.

மாஸ்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. "கை பிசகலைடா" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

இப்போது நான் தனியாக ஆர்டர் எடுக்கிறேன். மாஸ்டரின் விதிகளை விடவில்லை: பச்சை டியூப் பெட்டிக்குள், புகைப்படம் தலைகீழாக, எல்லாருக்கும் ஒரே வெளிச்சம், படிக்காமல் பிரஷ் இல்லை. கூடவே என் கேள்வி ஒன்று சேர்ந்திருக்கிறது: இந்த மனிதரின் வாழ்க்கையால் பாதிக்கப்பட்டவர்கள் படத்தில் எங்கே? ஓர் ஆலை முதலாளியின் படத்துக்கு அவர் குடும்பத்தார் வந்தார்கள். ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர். வேலைநிறுத்தம் செய்தவர்களை ஒரே இரவில் வெளியே அனுப்பியவரும் அவர்தான். ஊரில் இரண்டு பேச்சும் உண்டு. பின்னணியில் பள்ளிக்கூடத்தோடு ஆலை வாசலையும் அதில் நிற்கும் ஆட்களையும் வரைவேன் என்றேன். நிறையப் பேசிச் சம்மதித்தார்கள். ஆட்களை மட்டும் சின்னதாகப் போடச் சொன்னார்கள். தூரத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு அளவில்தான் போட்டேன். படம் அந்தப் பள்ளி ஹாலில் இருக்கிறது. என் கையெழுத்தும் அதன் கீழே இருக்கிறது.

படம் எழுதக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு புகைப்படத்தை அனுப்பி, அடுத்த வாரம் திறப்பு விழா என்று சொல்லாதீர்கள். அவரைப் புகழ்ந்தவர்கள் எழுதியதோடு திட்டியவர்கள் எழுதியதையும் சேர்த்துக் கொடுங்கள். ஓவியருக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். ஆயில் காய்வதற்கே அதில் பாதி போய்விடும். மீதி நாட்களில் அவர் படிக்க வேண்டும்.